சிகாகோ எத்தனை தூரம்?

ஹைதராபாதிலிருந்து அமெரிக்கா புறப்படும் பெற்றோரைக் கலங்கவைப்பது கிலோமீட்டர் அல்ல, நடுவழி.

நள்ளிரவு தாண்டியும் ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் கூட்டம் குறைவதில்லை. ஊறுகாயும் பொடி வகைகளும் அடைத்த பெட்டிகளோடு, அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கக் கிளம்பும் வயதான தம்பதிகள். நடக்கத் தெம்பு உள்ளவர்களில் சிலர்கூட சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்கிறார்கள். காரணம் கால்வலி அல்ல. மாறி ஏறும் ஊரில் பாஷை தெரியாமல் தவிக்கக் கூடாதே என்ற பயம். நாற்காலியைத் தள்ளுபவர் சரியான வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார் அல்லவா?

இந்தப் பயத்துக்கு இடமில்லாத வழி ஒன்று சிறிது காலம் இருந்தது. 2021 ஜனவரி 15 அன்று ஏர் இந்தியா, ஹைதராபாத்-சிகாகோ நேரடிச் சேவையைத் தொடங்கியது. வாரம் ஒரு விமானம். பகலில் ஏறினால் அன்று மாலையே சிகாகோ. இது கடிகாரம் செய்யும் ஜாலம்: குளிர்காலத்தில் சிகாகோ நேரம் நமக்கு 11½ மணி பின்னால். உண்மையில் வானில் கழிவது 16 மணி நேரத்துக்கும் மேல். அந்தச் சேவை நீடிக்கவில்லை.

இரு நகரங்களுக்கும் இடையே குறுக்குவழி சுமார் 13,280 கி.மீ. சுவரில் மாட்டிய வரைபடத்தைப் பார்த்தால் அரேபியா, அட்லாண்டிக் என்று மேற்கே போகத் தோன்றும். பூமி உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் கதையே வேறு. நூல் வடக்கே ஏறி, கஜகஸ்தான், சைபீரியாவைக் கடந்து, வடதுருவத்தை நெருங்கி, கிரீன்லாந்து வழியாக இறங்குகிறது.

டெல்லி கிட்டத்தட்ட இந்த நூலின் மீதே இருக்கிறது. அங்கே மாறினால் கூடும் தூரம் பத்து கி.மீ.கூட இல்லை. துபாய் வழியாகப் போனால் கூடுவது சுமார் 900 கி.மீ.; விமானத்துக்கு அது ஒரு மணி நேரச் சங்கதி. ஆனால் இறங்கி, காத்திருந்து, மறுபடி ஏறுவதற்குள் மொத்தப் பயணம் 20 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது.

அப்படியென்றால் எல்லா ஊரிலிருந்தும் நேரடி விமானம் விடக் கூடாதா? அத்தனை தூரத்துக்கு வேண்டிய எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் எரிகிறது. இருக்கைகள் நிரம்பாவிட்டால் கட்டுப்படியாகாது.

அரசியலும் குறுக்கே வருகிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போன விமானங்கள் சுற்றிப் போக நேர்ந்தது.

ஆக, தூரம் என்றும் அதேதான். மாறுவது நேரம். சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். இடையில் எத்தனை முறை இறங்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.