ஆகாயம் யாருக்குச் சொந்தம்?

பணம் கொடுப்பவனே பாட்டைத் தேர்ந்தெடுக்கிறான். ரேடியோவின் சரித்திரம் இதற்குச் சாட்சி.

1922ல் நியூயார்க் நிலையமொன்று கட்டணம் வாங்கி விளம்பரத்தை ஒலிபரப்பிற்று. நாளடைவில் அமெரிக்க ரேடியோவில் பாட்டு, சரக்கு விற்கும் தரகாயிற்று. இசைத்தட்டு வியாபாரிகள் ஒலிபரப்பாளருக்கு இரகசியமாக லஞ்சம் கொடுத்துத் தங்கள் பாட்டுகளையே முழங்கச் செய்தனர். 1960ல் சட்டம் அதைக் குற்றமாக்கியும் பண ஆதிக்கம் ஒழிந்ததா? 1996ல் உரிமை வரம்பு தளர்ந்ததும் கிளியர் சானல் என்ற ஒரே கம்பெனி 1,000க்கு மேற்பட்ட நிலையங்களை விழுங்கிற்று.

பிரிட்டனில் பி.பி.ஸி.க்கு ஜனங்களின் லைசென்ஸ் கட்டணமே ஆதாரம். விளம்பரத் தொல்லை இல்லை. ஆயினும் ஏகபோகம் செருக்கை வளர்த்தது. இளைஞர் விரும்பிய பாட்டுக்கு அங்கே சொற்ப இடமே கிடைத்தது. 1964ல் ரேடியோ கரோலைன் கடலில் கப்பலிலிருந்து அப்பாட்டுகளை ஒலித்தது. 1967 ஆகஸ்டில் சட்டம் அதற்குத் துணைபோவதைக் குற்றமாக்கிற்று. அடுத்த மாதமே பி.பி.ஸி., அதே பாட்டுகளுக்காக ‘ரேடியோ ஒன்று’ நிலையத்தைத் திறந்தது! அங்கே ஜான் பீல் 2004 வரை, பெயரறியாத பாடகர்களையும் உலகறியச் செய்தார். விளம்பரதாரர் தயவில் இது எளிதில் நடந்திராது.

பொதுப் பணம் புதுக் குரலுக்கு இடங்கொடுக்கும். ஆனால் ஜனங்கள் தட்டினாலன்றி அதன் கதவும் திறவாது.