வாழைத்தாரோடு போனால் இன்ஷூரன்ஸ் உண்டு, பொங்கல் பானையோடு போனால்? தெரியுமா!

ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு எப்படிப் போவீர்கள்? பஸ், கார், பைக், எல்லாம் சரிதான். ஆனால் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள்: லோடு வண்டி! டாடா ஏஸ், பிக்கப், டிராக்டர் டிரெய்லர். பின்னால் தார்ப்பாய் விரித்து, நடுவில் பொங்கல் பானை, விறகுக் கட்டு, வேப்பிலை, சுற்றி இருபது பேர். மடியில் இரண்டு குழந்தைகள் கணக்கில் வராது.

இப்போது கேளுங்கள். அதே வண்டி, அதே டிரைவர், அதே சந்தவாசல் ரோடு. காலையில் படவேட்டு வாழைத்தாரை ஏற்றிக்கொண்டு மண்டிக்குக் கிளம்புகிறது. தாருக்குச் சொந்தக்காரர் டிரைவர் பக்கத்தில், கேபினுக்குள். வண்டி கவிழ்ந்து அவர் கால் முறிந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி இழப்பீடு கொடுத்தாக வேண்டும். மத்தியானம் அதே வண்டியில் பானையோடு பின்னால் ஏறினார்களே இருபது பேர், அவர்களுக்கு? சட்டப்படி கம்பெனிக்குக் கடமையே இல்லை! வாழைத்தாருக்குத் துணையாகப் போனால் காப்பு, அம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போனால் அம்மன்தான் காப்பு. 1994-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது சரக்கு வண்டியில் 'சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவருடைய ஆள்' என்று மட்டுமே சேர்த்தார்கள். சும்மா ஏறியவர்கள் அதில் வரமாட்டார்கள் என்று 2002 கடைசியில் ஆஷா ராணி வழக்கில் சுப்ரீம் கோர்ட் முடித்துவிட்டது. அப்புறம் யாரிடம் கேட்பது? வண்டி ஓனரிடம். அவருக்கு இருப்பதே அந்த ஒரு வண்டிதான், அதற்கும் இன்னும் டியூ கட்டிக்கொண்டிருப்பார். சில வழக்குகளில் 'கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்' என்று கோர்ட் இரக்கம் காட்டியதுண்டு. அந்த இரக்கத்தை நம்பி ஏறமுடியுமா?

வெறும் பூச்சாண்டி என்று நினைக்காதீர்கள். 2022 ஏப்ரல் 2, யுகாதி அன்று, படவேட்டை ஒட்டிய ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கம் சேம்பரை கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப்போன பிக்கப் வேன் பள்ளத்தில் உருண்டது. 11 பேர் போய்விட்டார்கள். இப்படி ஒன்று நடந்தால் முதல்வர் நிவாரணம் அறிவிப்பார், பேப்பரில் படித்திருப்பீர்கள். அது அரசாங்கத்தின் கருணை. இழப்பீடு என்பது வேறு, அது உரிமை. ஒன்றை வாங்கியவர் மற்றொன்றைக் கேட்கக்கூடாது என்று டீக்கடையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்!

இன்னொரு டீக்கடைக் கதையும் உண்டு: "டோல் கட்டிட்டுத்தானே போறோம், அடிபட்டா அவங்க தரமாட்டாங்களா?" ரோட்டுக்குக் கட்டணம் வாங்குவது உலகத்தில் பல ஊர்களில் இருக்கிறது. சிங்கப்பூர் 1975-லேயே நகரத்துக்குள் வரும் கார்களிடம் நெரிசல் கட்டணம் வாங்க ஆரம்பித்தது. லண்டன் 2003-ல் 5 பவுண்டில் தொடங்கியது. நியூயார்க் 2025 ஜனவரி 5 முதல் மன்ஹாட்டனின் தென்பகுதிக்குள் நுழையும் காருக்குப் பகல் வேளையில் 9 டாலர் தீட்டுகிறது. வண்டிகள் குறையும், புகை குறையும், அதெல்லாம் உண்மை. ஆனால் அங்கே ஒருவர் மேல் டாக்சி மோதினால் அந்த 9 டாலரிலிருந்து ஒரு சென்ட்கூட அவருக்கு வராது, இன்ஷூரன்ஸிடம்தான் போகவேண்டும். நம்ம ஊர் சுங்கச்சாவடி ரசீதும் அதே ஜாதி. டோல் கட்டினீர்களா இல்லையா என்பது விபத்து வழக்கில் பேச்சாகவே வராது!

அப்படியானால் டோல்காரர்களுக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் 1033-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸும் கிரேனும் வரவேண்டும். ரோட்டை விதிப்படி போடாமல், பராமரிக்காமல் விட்டு, அதனால் உயிரோ உறுப்போ போனால் காண்ட்ராக்டருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. (1 லட்சம்! அந்தச் சாவடியில் எத்தனை மணி நேர வசூல் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.) இதைவிடச் சுவையானது 2025 ஆகஸ்டில் கேரளத்தில் நடந்தது. பாலியேக்கரை சாவடிக்குரிய ரோடு கிடந்த கிடப்பைப் பார்த்து ஹைகோர்ட் டோல் வசூலையே நிறுத்தியது, மேல்முறையீட்டுக்குப் போன நெடுஞ்சாலை ஆணையத்தை சுப்ரீம் கோர்ட்டும் திருப்பி அனுப்பியது!

சரி, அடிபட்டாகிவிட்டது. முதல் 48 மணி நேரம் யார் செலவு? தமிழ்நாட்டு மண்ணில் விபத்து நடந்தால் போதும், நீங்கள் ஆந்திராக்காரரோ அயல்நாட்டவரோ, 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் ஏற்கிறது. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கியபோது உச்சவரம்பு 1 லட்சம், பிறகு 2 லட்சம் ஆனது. 2025 மே மாதத்திலிருந்து மத்திய அரசின் திட்டமும் இருக்கிறது: 7 நாள், 1.5 லட்சம் வரை. இந்த மத்தியத் திட்டத்தை விரட்டி விரட்டி வரவழைத்ததில் யார் பங்கு தெரியுமா? கோயம்புத்தூர் எலும்பு டாக்டர் எஸ்.ராஜசேகரன்! 2012-ல் சுப்ரீம் கோர்ட் போனவர். தன்னிடம் வரும் முறிந்த எலும்புகளை ஒட்டவைப்பதோடு நிற்காமல், எலும்பு முறிகிற ரோட்டின் மேலேயே வழக்குப் போட்டார்.

அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கும் பயம் வேண்டாம். பெயர் சொல்லக்கூடக் கட்டாயமில்லை, சாட்சிக்கு இழுக்க முடியாது. உயிரைக் காப்பாற்றினால் 'ராஹ்வீர்' என்று பட்டமும் 25,000 ரூபாயும் தருகிறார்கள்.

இனி ஒரு துண்டுக் காகிதத்தின் கதை. ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் நுழைந்ததும் ஒரு பதிவேட்டில் நாலு வரி எழுதுவார்கள். அதன் நகலை ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) காப்பி என்பார்கள். மொத்த வழக்கும் அந்த நாலு வரியில் தொங்கும்! என் சித்தப்பாவை ஒரு மினி லாரி இடித்துவிட்டுப் போனது. நாங்கள் பதறிப்போய் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "எப்படி ஆச்சு?" என்று கேட்டார் பதிவெழுதுபவர். கூட வந்த மாமா, போலீஸ் தொல்லை வேண்டாமே என்று, "பைக்ல இருந்து விழுந்துட்டாருங்க" என்றார். அவ்வளவுதான். 'தானாக விழுந்தார்' என்று ஏறிவிட்டது. அப்புறம் எஃப்.ஐ.ஆர். போட்டு, லாரி நம்பரைக் கண்டுபிடித்து, வக்கீல் வைத்து, மூன்று வருஷம் அந்த ஒரு வார்த்தையோடு மல்லுக்கட்டினோம். எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொரு வாய்தாவிலும் அந்தக் காகிதத்தைத்தான் தூக்கிக் காட்டினார். படவேட்டில் அடிபட்டால் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், வேலூருக்குள் கொண்டுபோங்கள், எங்கே போனாலும் இடித்த வண்டி எது, எங்கே, எத்தனை மணிக்கு என்பதை அந்த நாலு வரிக்குள் ஏற்றிவிட்டு மூச்சு விடுங்கள். வண்டி நிற்காமல் ஓடிவிட்டதா? அதையும் அப்படியே சொல்லுங்கள். நம்பரே தெரியாவிட்டாலும் இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 உண்டு.

பணக் கணக்கைப் பார்த்தால் பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு ஞாபகம் வரும். அடிபட்டவர் 30 வயது, மாசம் 15,000 சம்பாதிக்கும் டிராக்டர் டிரைவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 1,80,000. வயது 40-க்குள், சொந்த உழைப்பு என்றால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டு, ஆக 2,52,000. முப்பது வயதுக்குரிய பெருக்கல் எண் 17. பெருக்கினால் 42,84,000. சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போய்விட்டதென்றால் 17,13,600! வைத்தியச் செலவும் வலிக்கான தொகையும் இதற்கு மேலே. பெருக்கல் எண் 2009-ல் சரளா வர்மா வழக்கில் வகுத்தது, சொந்த உழைப்புக்காரருக்கான 40 சதவீதக் கூட்டல் 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் வந்தது.

திறன் இழப்பின் அந்த 'சதவீதம்' டாக்டர் சர்டிபிகேட்டில் இருக்கும் சதவீதமல்ல. அங்கேதான் வியப்பு! ஒரே இடது கை போனாலும் தச்சருக்கு நூற்றுக்கு நூறு இழப்பு, அரசு குமாஸ்தாவுக்கு வேலையே போகாமலிருக்கலாம் என்று 2010-ல் ராஜ்குமார் வழக்கில் சொன்னார்கள். கர்நாடகத்துக் காய்கறி வியாபாரி சையத் சாதிக் கதை இன்னும் அழகு. கால் போனால் என்ன, உட்கார்ந்து காய் விற்கலாமே என்றது ஹைகோர்ட். காய் வாங்க மண்டிக்கு யார் நடப்பது என்பதுபோல் கேட்டு 85 சதவீதம் இழப்பு என்றது சுப்ரீம் கோர்ட். சம்பளச் சீட்டு கிடையாது, அதனாலென்ன என்று மாசம் 6,500 என்று தானே வருமானம் நிர்ணயித்தது. கேட்ட தொகையைவிட அதிகமாகவும் விபத்து இழப்பீட்டு ட்ரிப்யூனல் கொடுக்கலாம் என்று 2002-லேயே தீர்ப்பு இருக்கிறது!

சட்டென்று இன்னும் சில. டிரைவர் கிரிமினல் கேஸில் விடுதலையாகிவிட்டாலும் இழப்பீட்டு வழக்கு சாகாது. படவேட்டுக்காரர் பெங்களூரில் அடிபட்டாலும் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விபத்து நடந்து 6 மாதத்துக்குள் போடவேண்டும் என்று 2022 ஏப்ரலிலிருந்து கெடு உண்டு. அதை எதிர்த்து வழக்கு நடக்கிறது, கெடு தாண்டியதற்காகத் தள்ளுபடி செய்யாதே என்று இடைக்கால உத்தரவும் வந்திருக்கிறது. நீங்கள் அதையெல்லாம் நம்பி உட்காராதீர்கள். வக்கீலுக்கு வழியில்லையா, இலவசச் சட்ட உதவிக்கு 15100-ஐ அழையுங்கள். பைக்கில் பின்னால் உட்காருகிறவர் ஓனரின் பாலிசி வெறும் 'தேர்டு பார்ட்டி'யா என்று ஒருமுறை கேட்டுவிட்டு ஏறட்டும். அந்த பைக் தானாகக் கவிழ்ந்தால் அந்த பாலிசியில் அவருக்கு இடமில்லை.

போன ஆடியில் சந்தவாசல் கூட்ரோட்டில் நின்றிருந்தோம். பொங்கல் பானைகளோடு ஒரு பிக்கப் வந்து நின்றது. "ஏம்ப்பா, ஆள் ஏத்த இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்றேன். டிரைவர் பையன் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த ரேணுகாம்பாள் படத்தைக் காட்டி, "ஆத்தா இருக்கா, ஏறுங்கண்ணா" என்றான். நாங்கள் பஸ்ஸுக்காக நின்றுவிட்டோம். பஸ்ஸுக்கு மட்டும் என்ன இருக்கிறது தெரியுமா? அரசு பஸ்ஸுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியே கிடையாது! சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது, போக்குவரத்துக் கழகமே தன் நிதியிலிருந்து இழப்பீடு தரவேண்டும். தராமல் இழுத்தடித்தால் கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பயணிகளை இறக்கிவிட்டு, பஸ்ஸையே ஜப்தி செய்து கோர்ட் வளாகத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். போர்டில் ஊர்ப் பெயர் அப்படியே இருக்கும்.