தோற்றவருக்கு எத்தனை மார்க்?

1992 ஏப்ரல் 9ஆம் தேதி நடந்த பிரிட்டன் பொதுத்தேர்தலில் நீல் கின்னாக்கின் தொழிற்கட்சி 271 இடங்களைப் பிடித்துத் தோற்றது. நான்கே நாளில், தலைவர் பதவியை விட்டு விலகுவதாக அவர் அறிவித்துவிட்டார். 2017 ஜூன் 8ஆம் தேதி அதே கட்சி ஜெரமி கார்பின் தலைமையில் 262 இடங்களோடு தோற்றது. அந்த மாதமே கிளாஸ்டன்பரி இசைவிழா மேடையில் அவர் ஏற, திரண்டிருந்த கூட்டம் அவர் பெயரையே பாட்டாகப் பாடியது. ஒன்பது இடம் கூடுதலாக வாங்கியவர் மூட்டை கட்டினார். குறைவாக வாங்கியவரைக் கொண்டாடினார்கள்.

இதற்குப் பெரும்பங்கு காரணம் கருத்துக்கணிப்பு. 1992இல் கடைசி நேரக் கணிப்புகள் தொழிற்கட்சிக்கு மயிரிழை முன்னிலை, இல்லாவிட்டால் இழுபறி என்றன. எண்ணிப் பார்த்தால் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 41.9 சதவீதம், தொழிற்கட்சிக்கு 34.4. 2017இல் நிலைமை தலைகீழ். பிரதமர் தெரசா மே தேர்தலை அறிவித்தபோது அவரது கன்சர்வேட்டிவ் கட்சி ஏறக்குறைய 20 புள்ளிகள் முன்னே இருந்தது. முடிவில் அது 2.4 ஆகச் சுருங்கி, கையிலிருந்த பெரும்பான்மையும் போனது. கணித்தவர்கள் செய்த பிழையையும் கின்னாக்கின் தலையிலேயே கட்டினார்கள். முந்தைய தேர்தலைவிட அவர் 42 இடங்கள் கூடுதலாகப் பெற்றிருந்தார் என்பது யார் காதிலும் ஏறவில்லை.

தோல்விக்குப் பின் கதைக்கா பஞ்சம்? வாக்குப்பதிவு நாளன்று ‘தி சன்’ நாளிதழ் ஒரு மின்விளக்குக் குமிழுக்குள் கின்னாக்கின் தலையைப் பொருத்தி முதல் பக்கத்தில் அச்சிட்டிருந்தது. அதுதான் கவிழ்த்தது என்றார்கள். ஒரு வாரம் முன்பு ஷெஃபீல்டு பேரணியில் அவர் உற்சாக மிகுதியில் கூவியதுதான் காரணம் என்றார்கள். ஒரு கூச்சலுக்கு ஏழரைப் புள்ளி என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

வாக்குகள் இடங்களாக மாறும் விதம்தான் உண்மையான விந்தை. தொகுதியில் ஒரு வாக்கு முந்தினாலும் வெற்றி என்ற, நமக்கும் பழக்கப்பட்ட முறையில், மொத்த வாக்கில் உள்ள சிறு வித்தியாசம் இடங்களில் பூதாகரமாகிவிடும். இதற்குப் பழைய சூத்திரம் ஒன்று உண்டு: இரு கட்சிகளின் வாக்கு விகிதத்தை முப்படிக்கு உயர்த்தினால் இட விகிதம் கிடைக்கும். 55க்கு 45 என்று வாக்கு பிரிந்தால், நூறு இடங்களில் ஏறத்தாழ 65க்கு 35. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த ‘கன விதி’ பிரிட்டனுக்கு நன்றாகவே பொருந்தியது. இழுபறித் தொகுதிகள் குறையக் குறைய, 1970களிலிருந்து அதன் பிடி தளர்ந்தது.

பொருந்திய காலத்திலும் அது கைவிட்டதுண்டு. 1951இல் கிளமென்ட் அட்லியின் தொழிற்கட்சி சுமார் 1.39 கோடி வாக்குகள் பெற்றது. வின்ஸ்டன் சர்ச்சிலின் அணி 1.37 கோடி. ஆனால் இடங்கள் அட்லிக்கு 295, சர்ச்சிலுக்கு 321! சுரங்கத் தொகுதிகளிலும் ஆலைத் தொகுதிகளிலும் தொழிற்கட்சிக்கு வாக்குகள் மலைபோல் குவிந்தன. ஜெயிக்கத் தேவையானதற்கு மேல் விழுந்த ஒவ்வொரு வாக்கும் விரயம். போதாக்குறைக்கு, 1950இல் 475 பேரை நிறுத்திய லிபரல் கட்சி 1951இல் 109 பேரோடு நிறுத்திக்கொண்டது. போக்கிடமற்ற லிபரல் வாக்குகளில் பெரும்பகுதி சர்ச்சில் பக்கம் சாய்ந்தது.

ஏழரைப் புள்ளி முன்னிலைக்கு 1992இல் கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜான் மேஜருக்குக் கிடைத்த பெரும்பான்மை வெறும் 21. மூன்று புள்ளிக்கும் குறைந்த முன்னிலையில் 2005இல் தொழிற்கட்சியின் டோனி பிளேருக்குக் கிடைத்தது 66. பிளேர் அப்போது வாங்கியது 95 லட்சத்துச் சொச்சம் வாக்குகள். தோற்ற கின்னாக் வாங்கியதோ 1.15 கோடி. 2024இல் 411 இடங்களோடு வாகை சூடிய கியர் ஸ்டார்மர்கூட, 2019இல் படுதோல்வி கண்ட கார்பினைவிடக் குறைந்த வாக்குகளே பெற்றார். வலதுசாரி வாக்குகளைக் கன்சர்வேட்டிவும் ரிஃபார்ம் கட்சியும் பங்குபோட்டுக்கொண்டதில் விளைந்த அறுவடை அது.

எதிர்முகாம் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதற்கு ஓர் அளவுகோல் இந்தியத் தேர்தல்களை வைத்தே உருவானது. பிரணாய் ராய், அசோக் லாஹிரி ஆகியோருடன் சேர்ந்து ‘எதிர்க்கட்சி ஒற்றுமைக் குறியீட்டை’ வகுத்த டேவிட் பட்லர், பிரிட்டனில் கட்சிகளுக்கிடையே வாக்கு நகர்வதை ‘ஸ்விங்’ என்று அளந்து காட்டிய அதே ஆய்வாளர்தான்.

சரி, தலைவரின் முகத்துக்கு மதிப்பே இல்லையா? உண்டு, ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. 1979இல் பிரதமராக யார் வேண்டும் என்ற கேள்விக்கு மார்கரெட் தாட்சரைவிட, பதவியிலிருந்த ஜேம்ஸ் காலகனையே அதிகம் பேர் சொன்னார்கள். ஆனால் தேர்தலுக்கு முந்தைய குளிர்கால வேலைநிறுத்தங்களின் கசப்பில் ஜெயித்தது தாட்சர். 1945இல் போரை வென்ற சர்ச்சிலை நாடே போற்றியது. தேர்தலில் அவர் கட்சி மண்ணைக் கவ்வியது.

என்னைக் கேட்டால், இரு பெரிய கட்சிகளுக்கும் இடையிலான இடைவெளியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2017இல் தொழிற்கட்சியின் வாக்கு 30.4இலிருந்து 40 சதவீதமாக எகிறியது கார்பினின் சாதனைதான். ஆனால் யுகிப் கட்சி கரைந்துபோன அந்த ஆண்டில் தெரசா மேயின் வாக்கும் 5 புள்ளிக்கு மேல் ஏறியது. இடைவெளி 6.5இலிருந்து 2.4 ஆனதே கார்பினுக்குரிய உண்மையான வரவு. 2019இல் அது 11.5 ஆக விரிந்தது. 1983இல், மூன்றாவது அணியை வெறும் இரண்டு புள்ளியில் முந்தி, ஆளுங்கட்சிக்கு 14.8 புள்ளி பின்தங்கிக் கிடந்த கட்சியை ஏற்ற கின்னாக், ஒன்பது ஆண்டுகளில் அந்த இடைவெளியைப் பாதியாக்கினார்.

ஆகவே என் தாளில் 1992 கின்னாக் நல்ல மதிப்பெண்ணோடு தேர்ச்சி, 2017 கார்பினும் தேர்ச்சி, 2019 கார்பின் ஃபெயில். 1951 அட்லியைத் தோற்றவர் பட்டியலில் எழுதவே எனக்கு மனம் வரவில்லை.