கம்பியில்லாக் காவற்காரன்

செஞ்சிக்கு வருவோர் இராசகிரிக் கோட்டையை அண்ணாந்து பார்த்து வியக்கின்றனர். ஏறத்தாழ 800 அடி உயர மலை அது. 1690ஆம் ஆண்டு முற்றுகையிட்ட மொகலாயப் படை 1698இல்தான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. உயரமான காவல் மேடை மட்டும் இதற்குப் போதுமா? களஞ்சியத்தில் தானியமும் சுனையில் நீரும் வேண்டுமல்லவா? நல்ல இடம், தவறாத உணவு ஆகிய இரண்டும் இருந்தால்தான் காவல் நிலைக்கும். இன்று வீடுகளைக் காக்கும் கண்காணிப்புக் கேமராவுக்கும் இது பொருந்தும் என்பதை நாங்கள் பட்டறிந்தோம்.

எங்கள் அப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் அம்மா, பாட்டி, நாங்கள் மட்டுமே. எனவே அப்பா கம்பியில்லாக் கேமரா ஒன்றை வாங்கி வந்தார். “கம்பியே இல்லையென்றால் அதற்கு யார் சோறு போடுவது?” என்று பாட்டி கேட்டார். நாங்கள் சிரித்தோம். ஆனால் கேள்வி சரியானதே. படம்தான் கம்பியின்றி வைஃபை அலைவழி செல்கிறது. கேமராவுக்கு மின்சாரம் வேண்டியதே.

எங்கே பொருத்துவது?

முதலில் கேட்டுத் தூணில் மார்பளவு உயரத்தில் பொருத்தினோம். குரங்குகள் அதைத் திருப்பிவிட்டன. கிழக்கு நோக்கி இருந்ததால் காலை வெயிலில் படம் வெளுத்துப் போயிற்று. பின்னர் வாசல் சன்ஷேடுக்கு அடியில், 9 அடி உயரத்தில், சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்தினோம். கைக்கு எட்டாது, முகமும் தெரியும். வெள்ளைச் சுவரை ஒட்டி வைத்தால் இரவில் அகச்சிவப்பு ஒளி சுவரில் பட்டுத் திரும்பிப் படத்தைக் கெடுக்கும். சிலந்தி வலையும் அப்படியே. அடிக்கடி துடைக்க வேண்டும். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை, 5 கிகாஹெர்ட்ஸ் அலையைவிடச் சுவர்களை நன்றாகக் கடக்கும்.

உணவு எது?

சுவர் பிளக்கிலிருந்து 5 வோல்ட் அடாப்டர் வழியாகத் தரலாம். 5 வாட் கேமரா நாள் முழுதும் இயங்கினால் 120 வாட்-மணி. மாதம் 4 யூனிட்டுக்கும் குறைவு. வயர் மிக நீண்டால் மின்னழுத்தம் குறைந்து கேமரா அணைந்து அணைந்து எரியும். சுவர்த் துளைக்குள் நுழையுமுன் வயர் சற்றுத் தாழ வளைந்து தொங்கட்டும். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே போகாது.

பாட்டரிக் கேமரா பெரும்பாலும் உறங்கிக்கொண்டே இருக்கும். ஆள் நடமாட்டத்தின் வெப்பத்தை உணர்ந்ததும் விழிக்கும். சாலையை நோக்கி வைத்தால் ஓயாமல் விழித்துப் பாட்டரியைத் தீர்த்துவிடும். சூரியத் தகடு வைத்தால் தெற்கு நோக்கிச் சாய்க்க வேண்டும். நிழல் விழலாகாது, தூசியும் படியலாகாது.

புயல் இரவு

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் பெருமழை கொட்டிற்று. மின்சாரம் நின்றது. கேமரா அணைந்தது, வைஃபை பெட்டியும் அணைந்தது. கேமராவில் எங்களைக் காண முடியாமல் அப்பா அன்றிரவு உறங்கவில்லை. அப்போது பக்கத்து வீட்டு மாமா நனைந்துகொண்டே டார்ச் விளக்குடன் வந்து, “எல்லாரும் சௌக்கியந்தானே?” என்று கேட்டார். அன்று எங்களுக்குக் காவல் அவர்தாம்.

பிறகு வைஃபை பெட்டிக்கும் கேமராவுக்கும் சிறு யு.பி.எஸ். வைத்தோம். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் கேமரா அந்த மாமாவின் வாசலையும் சேர்த்துப் படம்பிடித்து வந்தது! வெட்கப்பட்டு அதைத் திருப்பி வைத்தோம். பிறர் வாசல், கிணற்றடி, படுக்கையறை ஆகியவற்றைக் கேமரா பார்க்கலாகாது. கடவுச்சொல்லையும் மாற்றினோம். 2016இல் ‘மிராய்’ என்ற தீய நிரல், வாங்கியபோதிருந்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களைத்தான் உலகெங்கும் கைப்பற்றியது.

தோழியரே! கேமராவை நல்ல இடத்தில் வையுங்கள். தவறாமல் மின்சாரம் கொடுங்கள். அது கண்டதைச் சொல்லும். கதவைத் தட்டி நலம் விசாரிக்காது. அதற்கு அயலார்தாம் வேண்டும். அவர்தம் அன்பையும் காத்துக்கொள்வோமாக!