பழைய ஜீப்பின் அசல் உறுப்புகள்

இயற்பியல் மாணவனுக்கு ஜீப்பைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். என் தந்தை மோட்டார் மெக்கானிக். பள்ளிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. ஓசையைக் கேட்டே எஞ்சினின் நோயைச் சொல்லிவிடுவார். சென்ற கோடை விடுமுறையில், இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப் ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. 1943-இல் இருந்தபடியே அதை ஆக்கித் தரவேண்டும் என்றார் உடைமையாளர்.

போர்க்காலத்தில் வில்லிஸ் நிறுவனம் செய்த ஜீப் 'எம்.பி.', அதே வரைபடங்களைக் கொண்டு ஃபோர்டு செய்தது 'ஜி.பி.டபிள்யூ.' இரண்டும் சேர்ந்து 6 இலட்சத்திற்கு மேல். எஞ்சின் ஒரே வகைதான்: நான்கு சிலிண்டர், 134 கன அங்குலம், 60 குதிரைத்திறன். ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் பொருந்தும். பொருந்துவதால்தான் குழப்பமே!

முதலில் பிளாக்கின் வலப்புற முன்பகுதியில் பொறித்துள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். எம்.பி. என்றோ ஜி.பி.டபிள்யூ. என்றோ அது தொடங்கினால் போர்க்கால எஞ்சின். 'ஜே' என்று தொடங்கினால் போருக்குப் பிந்திய சிவிலியன் ஜீப்பினுடையது. போர்க்கால எஞ்சினில் கேம் ஷாஃப்டைச் சுழற்றுவது சங்கிலி. பின்னாளில் பல்சக்கரம் வந்தது. கார்புரேட்டர் கார்ட்டர் கம்பெனியின் டபிள்யூ.ஓ. வகை, எண் 539எஸ். மின்சாரம் 6 வோல்ட். நம் நாட்டில் மஹிந்திரா செய்த பிற்கால ஜீப்பில் உள்வால்வு சிலிண்டர் ஹெட்டிலேயே இருக்கும். போர்க்கால எஞ்சினில் இரு வால்வுகளும் பிளாக்கில். ஃபோர்டு ஜீப்பில் சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் முதலில் ஒன்றாகவே இருந்தன. ஆனால் இராணுவப் பட்டறைகளே எஞ்சின்களை மாற்றிப் பூட்டியதுண்டு; ஆகவே எண் ஒவ்வாததால் மட்டும் மோசடி என்று சொல்லிவிடலாகாது.

எங்களுடையது ஃபோர்டு. ஃபோர்டு தன் உறுப்புகளில், போல்ட்டின் தலையில்கூட, வளைந்த 'எஃப்' எழுத்தைப் பொறித்திருந்தது. இதை அறியாத நான், துருவேறிய போல்ட்டுகளைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டுப் புதியன பூட்டி வைத்தேன். "பழைய போல்ட்டெல்லாம் எங்கே தம்பி?" என்றார் உடைமையாளர். எனக்கு நாக்கு எழவில்லை. கூலியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அப்பா சொன்னார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை.

மறுநாள் காலை இருவரும் இரும்புக் கடைக் குவியலில் அமர்ந்து, ஒவ்வொரு போல்ட்டாக மண்ணெண்ணெயில் தேய்த்தோம். ஆங்கில எழுத்தறியாத அப்பாவின் கண்ணுக்குத்தான் அந்த வளைவு முதலில் பட்டது. பொழுது சாய்வதற்குள் இருபத்தேழு கிடைத்தன.

539எஸ் கார்புரேட்டரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.