தங்கக் கையுறைக்குத் தகுதியானவரா ஜீட்டர்?

அமெரிக்க பேஸ்பால் உலகில் டெரக் ஜீட்டர் பெயருக்குத் தனி மவுசு. நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக 1995 முதல் 2014 வரை ஆடினார். அவர் அடித்த ‘ஹிட்’கள் 3,465. மட்டையைப் பற்றித் தகராறே இல்லை. தகராறெல்லாம் ஃபீல்டிங்கில்தான்!

இரண்டாவது தளத்துக்கும் மூன்றாவது தளத்துக்கும் நடுவே நிற்கும் ‘ஷார்ட்ஸ்டாப்’ ஆட்டக்காரர் அவர். சிறந்த ஃபீல்டருக்கான தங்கக் கையுறைப் பரிசை 5 முறை வாங்கினார். 2004 ஜூலையில் பாஸ்டன் அணியுடன் நடந்த ஆட்டத்தில், பந்தைப் பிடித்த வேகத்தில் ரசிகர்கள் நடுவே போய் விழுந்தார். முகத்தில் ரத்தத்துடன் எழுந்த அந்தக் காட்சியை மறக்க முடியுமா?

கணக்குப் பார்த்தவர்கள் சொன்னது வேறு. கைக்கு வந்த பந்தை அவர் நழுவவிடுவது குறைவு. ஆனால் மற்றவர்கள் ஓடி எட்டிவிடும் பந்துகள் பல அவரைத் தாண்டிச் சென்றன. எட்டாத பந்தைப் பிழைக் கணக்கில் எழுதுவதில்லையே! அவற்றையும் சேர்த்துப் பார்த்தால், அவர் கடைசி வரிசைக்காரர்.

அன்று பரிசைத் தீர்மானித்தவை அணி மேனேஜர்கள், பயிற்சியாளர்கள் ஆகியோரின் ஓட்டுகளே. 2013 முதல் புள்ளிவிவரத்துக்கும் அதில் பங்கு உண்டு.

2020-ல் 397 ஓட்டுகளில் 396 பெற்றுப் புகழ் மண்டபத்தில் இடம்பிடித்தார் ஜீட்டர். மட்டைக்கு அது தகும். கையுறைப் பரிசுகளோ, ஓசைப்படாமல் பந்தைத் தடுத்த வேறு சிலருக்குப் போயிருக்க வேண்டியவை.