பூட்டிய தோட்டம், தீராத பாக்கி: இடுக்கி தேயிலைத் தொழிலாளர்களின் நியாயம் என்ன?

கேரள மாநிலம், இடுக்கி மாவட்டம் பீர்மேட்டில் மூடப்பட்ட தேயிலைத் தோட்டங்களின் லயங்களைவிட்டுத் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல வெளியேறவில்லை. ஓய்வு பெற்ற பலருக்குப் பணிக்கொடை வழங்கப்படாததே இதற்கு முக்கியக் காரணம்.

நெருக்கடியின் வேர் தொலைவில் உள்ளது. இந்தியத் தேயிலையை அதிக அளவில் வாங்கிவந்த சோவியத் ஒன்றியம் 1991-ல் சிதறியது. 1990-களின் இறுதியில் விலையும் சரிய, 2000-க்குப் பின் பீர்மேட்டில் பல தோட்டங்கள் கைவிடப்பட்டன.

சந்தை வீழ்ச்சி என்ற விளக்கம் தொழிலாளர்களுக்குப் போதவில்லை. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்களுக்குப் பணிக்கொடை சலுகை அல்ல. நிர்வாகம் பட்ட கடன். அதைத் தீர்க்காமல் தோட்டத்தைப் பூட்டியது நஷ்டம் அல்ல, நம்பிக்கைத் துரோகம். கேட்டுப் பெற்றுத்தர வேண்டிய தொழிற்சங்கங்கள் மீதும் இதே வருத்தம் உண்டு.

மூணாறில் அது வெளிப்படையாக வெடித்தது. 2005-ல் டாடா டீயிடமிருந்து தோட்டங்களைப் பெற்ற கண்ணன் தேவன் நிறுவனத்தில் தொழிலாளர்களும் பங்குதாரர்கள். ஆனால் 2015-ல் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 'பங்குதாரர்' என்ற சொல்லின் பொருள் அப்போதுதான் சோதனைக்கு உள்ளானது எனலாம். பெண் தொழிலாளர்கள் சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்து, 'பெண்பிளை ஒருமை' என்ற பெயரில் சாலையை மறித்தனர்.

செப்டம்பர் 13-ம் தேதி ஏற்பட்ட உடன்பாட்டில் போனஸ் 8.33 சதவீதமாகவும், கருணைத்தொகை 11.67 சதவீதமாகவும் நிர்ணயிக்கப்பட்டு, மொத்தம் 20 சதவீதம் கிடைத்தது. நாளொன்றுக்கு 500 ரூபாய் கேட்ட கூலி, 232-லிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது.